ஒய்.பி.க்கு ஏழு கடிதம் போட்டும் சாலை வரவில்லையா? மத்திய அரசாங்க நிதியைக் கேட்கும் முறை

பேராக்கின் தென்பகுதியில் ஒரு பழைய ரப்பர் தோட்டம். இப்போது சுற்றிலும் செம்பனை. தோட்டம் கைமாறியபோது பழைய நிர்வாகம் விட்டுக்கொடுத்த நிலத்தில் நாற்பது குடும்பங்கள் வீடு கட்டிக் குடியிருக்கின்றன. பெரிய சாலையிலிருந்து குடியிருப்புக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் செம்மண் பாதை. வெயில் காலத்தில் புழுதி, மழைக் காலத்தில் சேறு.

கடந்த மழைக் காலத்தில் ஒருநாள் இரவு, அங்குள்ள ஒரு பாட்டிக்கு மூச்சுத் திணறல். ஆம்புலன்ஸ் வந்தது. ஆனால் முச்சந்தியோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் சக்கரம் புதைந்துவிடும். நான்கு இளைஞர்கள் பாட்டியைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, கைப்பேசி வெளிச்சத்தில் முச்சந்தி வரைக்கும் தூக்கிச் சென்றார்கள். பாட்டி பிழைத்துக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து வீடு திரும்பியபோதும் அதே நாற்காலியில்தான் தூக்கி வந்தார்களாம்.

இதைச் செய்தியாக்கத்தான் நான் அங்கே போனேன். கோவில் தலைவர் உள்ளே போய் ஒரு பழைய கோப்பை எடுத்து வந்தார். 2011 முதல் எழுதிய ஏழு கடிதங்களின் நகல்கள் அதில் இருந்தன.

"நாங்க கேக்காம இல்லம்மா. கேட்டுக்கிட்டேதான் இருக்கோம். நீங்களே படிச்சுப் பாருங்க," என்றார்.

மண்டபத்து மேசையில் பரப்பி வைத்துப் படித்தேன். ஏழு கடிதத்துக்கும் வந்த பதில் இரண்டுதான். அதில் ஒன்றில் ஒரே ஒரு வரி: "தானா பெர்செண்டிரியான்", அதாவது தனியார் நிலம். அதற்குப் பிறகு அந்தக் கோப்பு நகரவே இல்லை.

கடிதங்களைத் திரும்பத் திரும்பப் படித்தபோது மூன்று விஷயங்கள் கண்ணில் பட்டன. சாலை, தெருவிளக்கு, மண்டபக் கூரை, கோவில் சுவர் என நான்கு தேவைகளும் ஒரே கடிதத்தில் இருந்தன. எந்த நிலம் யாருக்குச் சொந்தம் என்று ஒரு கடிதத்திலும் இல்லை. மத்திய அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதைச் சட்டமன்ற உறுப்பினரிடமும், மாநிலத்திடம் கேட்க வேண்டியதை நாடாளுமன்ற உறுப்பினரிடமும் கேட்டிருந்தார்கள்.

இது அந்தத் தோட்டத்தின் குறை மட்டுமல்ல. நான் போன பல குடியிருப்புகளில் இதே கதைதான். அதனால்தான் அந்தச் செய்தியோடு நிறுத்தாமல் இந்த விளக்கத்தையும் எழுதுகிறேன்.

முதலில்: எந்த அரசாங்கம்?

நம் நாட்டில் எந்த வேலை மத்திய அரசாங்கத்துக்கு, எந்த வேலை மாநிலத்துக்கு என்பதைக் கூட்டரசு அரசியலமைப்பின் 9ஆவது அட்டவணை பிரித்து வைத்திருக்கிறது. கல்வி மத்திய அரசாங்கத்தின் பொறுப்பு. நிலமும் ஊராட்சி மன்றங்களும் மாநிலத்தின் பொறுப்பு.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. பெரும்பாலான மேம்பாட்டுப் பணம் மத்திய அரசாங்கத்திடம் இருக்கிறது. ஆனால் அந்தப் பணம் இறங்க வேண்டிய நிலம் மாநிலத்தின் அதிகாரத்தில் இருக்கிறது. கோலாலம்பூரில் ஓர் அமைச்சர் சரி என்று சொன்னாலும், உங்கள் மாவட்ட நில அலுவலகத்தில் நிலச் சிக்கல் தீரவில்லை என்றால் வேலை தொடங்காது. "பணம் ஒதுக்கியாச்சு என்றார்கள், ஒன்றும் நடக்கவில்லையே" என்று நம்மவர்கள் அடிக்கடி குறைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது: நிலம் யாருடையது?

எந்த விண்ணப்பத்துக்கும் முன்னால் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான். மாவட்ட நில அலுவலகத்தில் சிறு கட்டணம் செலுத்தி "சாரியான் ரஸ்மி" எனும் அதிகாரப்பூர்வ நிலத் தேடலைச் செய்யலாம். லாட் எண் தெரிந்தால் போதும். உரிமையாளர் யார், நிலம் எதற்கென்று ஒதுக்கப்பட்டது என்பதெல்லாம் அதில் வந்துவிடும். நிலத்தின் எல்லைகளைப் பார்க்க ஜுபேம் எனப்படும் நில அளவை இலாகாவிடம் "பெலான் அக்குவி" எனும் வரைபடத்தை வாங்கலாம். சாலைக்கென்று ஒதுக்கப்பட்ட நிலம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அது காட்டிக் கொடுக்கும்.

நிலம் பொதுவாக நான்கு வகையில் ஒன்றாக இருக்கும்.

முதல் வகை, சாலைக்காகவோ வேறு பொதுத் தேவைக்காகவோ ஒதுக்கப்பட்ட அரசு நிலம். இதற்குத்தான் பணம் கேட்பது எளிது.

இரண்டாவது, டி.ஓ.எல். எனப்படும் தற்காலிக உரிமம் பெற்ற நிலம். இந்த உரிமம் அந்தந்த ஆண்டின் இறுதியோடு முடிந்துவிடும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இப்படிப்பட்ட நிலத்தில் நிரந்தரக் கட்டடத்துக்குப் பணம் ஒதுக்க அதிகாரிகள் தயங்குவார்கள்.

மூன்றாவது, தோட்ட நிறுவனத்தின் நிலம். தனியார் நிலத்தில் பொதுப் பணத்தைப் போட முடியாது என்பதுதான் வழக்கமான பதில். தோட்டத்தில் வேலை செய்து, தோட்டத்திலேயே குடியிருப்பவர்களுக்கு வீடும் அடிப்படை வசதியும் செய்து தருவது முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டம் சொல்கிறது. அவர்கள் ஆள்பல இலாகாவில் புகார் செய்யலாம். ஆனால் வேலையை விட்டவர்களும் ஓய்வு பெற்றவர்களும் அந்தச் சட்டத்தின் நிழலில் வருவதில்லை. நம் முன்னாள் தோட்டக் குடியிருப்புகள் பல இந்த இடைவெளியில்தான் சிக்கிக் கிடக்கின்றன. இங்கே உள்ள வழி ஒன்றுதான்: பாதைக்குத் தேவையான பகுதியை மட்டும் மாநில அரசிடம் ஒப்படைக்கும்படி நிறுவனத்திடம் கேட்பது. அதற்கு நில அலுவலகத்தின் வழியாக முறை இருக்கிறது. நிறுவனம் எழுத்தில் சம்மதம் கொடுத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

நான்காவது, குடியிருப்பாளர் அல்லது அமைப்பின் பெயரில் கிராண்ட் உள்ள நிலம். மண்டபமும் கோவிலும் இப்படிப்பட்ட நிலத்தில் இருந்தால் கவலை குறைவு. ஆனால் கிராண்ட் ஒரு தனிமனிதரின் பெயரில் இருக்கிறதா, அமைப்பின் பெயரில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த மனிதர் காலமாகிவிட்டால் நிலம் வாரிசுகளுக்குப் போகும்.

மூன்றாவது: எந்தத் தேவைக்கு எந்தக் கதவு?

சாலை: கிராமப்புறச் சாலைகளுக்காகக் கிராமப்புற, வட்டார மேம்பாட்டு அமைச்சிடம் "ஜாலான் பெர்ஹுபுங்கான் டேசா" போன்ற திட்டங்கள் உண்டு. இதைத் தவிர நம்மவர்கள் அதிகம் அறியாத இன்னொரு வழி "மாரிஸ்". அரசியலமைப்பின் 109ஆவது விதியின்படி, மாநிலச் சாலைகளின் பராமரிப்புக்காக மத்திய அரசாங்கம் மாநிலங்களுக்கு ஆண்டுதோறும் மானியம் கொடுக்கிறது. எந்தெந்தச் சாலைக்கு அந்த மானியம் என்பதை மாரிஸ் பதிவேடு சொல்கிறது. உங்கள் சாலை அந்தப் பதிவேட்டில் இல்லை என்றால், அதைப் பராமரிக்க அந்த மானியத்தில் ஒரு காசுகூட வராது. ஆகவே "சாலை போட்டுக் கொடுங்கள்" என்று கேட்பதற்கு முன் மாவட்ட அலுவலகத்திடமோ பொதுப்பணி இலாகாவிடமோ கேட்க வேண்டிய கேள்வி: "எங்கள் சாலை மாரிஸில் பதிவாகியிருக்கிறதா? இல்லை என்றால், பதிவு செய்ய என்ன குறை?"

தெருவிளக்கு: கிராமப்புறமாக இருந்தால் அதே அமைச்சின் "லம்பு ஜாலான் கம்போங்" திட்டம் இருக்கிறது. நகராண்மைக் கழகம் அல்லது மாவட்ட மன்றத்தின் எல்லைக்குள் இருந்தால் முதலில் அந்த மன்றத்திடம்தான் போக வேண்டும். எத்தனை விளக்கு, எந்தக் கம்பத்தில் என்று கம்ப எண்ணைக் குறித்துக் கொடுத்தால் அதிகாரிகள் இடத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை.

கோவில்: முஸ்லிம் அல்லாதார் வழிபாட்டுத் தலங்களைப் பழுது பார்ப்பதற்கான ஒதுக்கீட்டை வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சு கையாளுகிறது. கூரை, மின்கம்பி, கழிப்பறை போன்ற வேலைகளுக்கு இங்கே கேட்கலாம். சில மாநில அரசுகளும் தனியாக நிதி வைத்திருக்கின்றன.

தமிழ்ப்பள்ளி: இது கல்வி அமைச்சு. மாவட்டக் கல்வி அலுவலகத்தின் வழியாகத் தலைமையாசிரியர் கேட்க வேண்டும். நம் பள்ளிகளில் அரசாங்கத்தின் முழு உதவி பெறுபவை உண்டு, பகுதி உதவி பெறுபவை உண்டு. தோட்ட நிலத்தில் எழுந்த பள்ளிகள் பல பகுதி உதவிப் பள்ளிகள். இவற்றில் பள்ளி வாரியத்தின் பங்கு முக்கியம். பெற்றோர் ஆசிரியர் சங்கமும் பள்ளி வாரியமும் தனித்தனியே கடிதம் போடாமல் ஒரே கடிதத்தில் கையொப்பமிட்டால் நல்லது.

மித்ரா: "எதுவாக இருந்தாலும் மித்ராவிடம் கேளுங்கள்" என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. அண்மைய பட்ஜெட்டுகளில் மித்ராவுக்கு 10 கோடி ரிங்கிட் ஒதுக்கப்பட்டு வருகிறது. அது பெரிய தொகைதான். ஆனால் பாலர் பள்ளிக் கட்டண உதவி, இரத்தச் சுத்திகரிப்பு உதவி, தொழில் பயிற்சி போன்ற சமூகப் பொருளாதாரத் திட்டங்களே அதன் முக்கிய வேலை. குறிப்பிட்ட காலத்தில் விண்ணப்பம் திறக்கும், பிறகு மூடிவிடும். சாலைக்கும் சாக்கடைக்கும் மித்ரா முதல் கதவு அல்ல. அந்தக் கதவையே தட்டிக்கொண்டிருந்து மற்றக் கதவுகளை மறந்துவிடக் கூடாது.

ஒய்.பி.யின் பங்கு என்ன?

நாட்டில் 222 நாடாளுமன்ற உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெறும் தொகுதி மேம்பாட்டு ஒதுக்கீடு மத்திய அரசாங்கத்தின் பணம். சட்டமன்ற உறுப்பினர் பெறுவது மாநிலத்தின் பணம். இருவரையுமே நாம் ஒய்.பி. என்றுதான் அழைக்கிறோம். அதனால்தான் குழப்பம்.

நாடாளுமன்ற உறுப்பினரின் ஒதுக்கீடு அவரது பையில் இருக்கும் பணம் அல்ல. அவர் பரிந்துரை செய்வார். பிரதமர் துறையின் கீழுள்ள அமலாக்க ஒருங்கிணைப்புப் பிரிவின் வழியாகத்தான் பணம் இறங்கும். எதிர்க்கட்சி உறுப்பினர்களுக்கு அதே அளவு ஒதுக்கீடு கிடைப்பதில்லை. இது நீண்ட காலமாகச் சர்ச்சையில் இருக்கும் விஷயம்.

அதற்காக, எதிர்க்கட்சித் தொகுதியில் இருப்பவர்களுக்கு வழியே இல்லை என்று நினைக்க வேண்டாம். அமைச்சுகளின் திட்டங்கள் தொகுதி ஒதுக்கீட்டிலிருந்து வேறானவை. மாவட்ட அலுவலகத்தின் வழியாக நேரடியாக விண்ணப்பிக்கலாம். எந்தக் கட்சியின் ஒய்.பி.யாக இருந்தாலும் ஆதரவுக் கடிதம் கொடுக்கலாம், அமைச்சரிடம் நாடாளுமன்றத்தில் கேள்வியும் கேட்கலாம்.

சிறிய வேலைக்கு ஒய்.பி.யின் ஒதுக்கீடு பொருந்தும். மண்டபத்துக்கு நாற்காலி, கூரைத் தகடு, சிறு சாக்கடை போன்றவை. ஒரு கிலோமீட்டர் சாலை அதற்குள் அடங்காது. அதை அமைச்சின் திட்டத்தில்தான் சேர்க்க வேண்டும்.

கேட்பவர் யார்?

அரசாங்கப் பணம் தனிமனிதரின் வங்கிக் கணக்குக்குப் போகாது. பதிவு பெற்ற அமைப்பின் பெயரில் கணக்கு வேண்டும். கோவில், குடியிருப்பாளர் சங்கம் எதுவானாலும் 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றிருந்தால் மட்டும் போதாது, அந்தப் பதிவு உயிரோடும் இருக்க வேண்டும். ஆண்டுக் கூட்டம் நடந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கையையும் கணக்கையும் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டும். பல ஆண்டுகள் அனுப்பாமல் விட்டால் பதிவே ரத்தாகலாம்.

நம் கோவில்களில் நிர்வாகச் சண்டையால் கூட்டமே நடக்காமல் போவதும், இரண்டு தரப்பும் தாங்கள்தான் நிர்வாகம் என்று கடிதம் எழுதுவதும் புதிதல்ல. அப்படி இரண்டு கடிதம் போனால் அதிகாரி இரண்டையுமே ஒதுக்கி வைத்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

நான் தமிழ் படித்தவள். மனுவைத் தமிழில் எழுதச் சொன்னால் உருக்கமாக எழுதிவிடுவேன். ஆனால் அரசாங்க அலுவலகத்துக்கு உருக்கம் தேவையில்லை. மலாய் மொழியில், ஒரே பக்கத்தில், ஒரே ஒரு கோரிக்கை இருக்க வேண்டும். நான்கு தேவை என்றால் நான்கு கடிதம். ஒவ்வொன்றும் போக வேண்டிய இடம் வேறு.

அந்த ஒரு பக்கத்தில் இருக்க வேண்டியவை: என்ன வேலை, எத்தனை மீட்டர் அல்லது எத்தனை விளக்கு, எத்தனை குடும்பம், எத்தனை பள்ளிப் பிள்ளைகள், எத்தனை முதியவர்கள், நிலத்தின் நிலை என்ன, தொடர்புக்கு யார், வேலை முடிந்த பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள்.

கூடவே இணைக்க வேண்டியவை: நிலத் தேடல் ஆவணம், நில உரிமையாளரின் சம்மதக் கடிதம், சங்கப் பதிவுச் சான்றிதழ், வங்கிக் கணக்கின் நகல், தேதியோடு கூடிய படங்கள், இடத்தைக் காட்டும் வரைபடம், பதிவு பெற்ற குத்தகையாளர்களின் விலை மதிப்பீடு. ஒரே குத்தகையாளரிடம் மூன்று பெயரில் மூன்று விலை வாங்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது தெரிய வந்தால் இந்த விண்ணப்பம் மட்டுமல்ல, அடுத்த விண்ணப்பமும் போய்விடும்.

மாவட்ட அலுவலகத்தில் கொடுத்தவுடன் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். கிராமத் தலைவர் அல்லது இந்திய சமூகத் தலைவர் இருந்தால் அவரையும் அழைத்துச் செல்லுங்கள். பதில் வராவிட்டால் அரசாங்கத்தின் "சிஸ்பா" புகார் முறையில் பதிவு செய்து எண் வாங்கலாம். எண் கையில் இருந்தால் அடுத்த முறை பேசுவதற்கு ஒரு பிடி இருக்கும்.

எப்போது கேட்பது?

பட்ஜெட் பொதுவாக அக்டோபரில் தாக்கலாகிறது. தாக்கலான பிறகு கேட்டால், அடுத்த ஆண்டுக்கான பட்டியல் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். அமைச்சுகள் அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே தங்கள் திட்டங்களைக் கொடுத்துவிடுகின்றன. ஆகவே ஆண்டின் தொடக்க மாதங்களிலேயே கடிதம் மாவட்டத்தில் இருக்க வேண்டும்.

இன்னொரு பக்கம், ஓர் ஆண்டுக்கு ஒதுக்கிய பணத்தை டிசம்பர் 31க்குள் செலவிட வேண்டும். ஆவணங்கள் எல்லாம் தயாராக உள்ள சிறு திட்டம் கையில் இருந்தால், ஆண்டின் பிற்பகுதியில் மிச்சப் பணம் இருக்கும்போது வாய்ப்பு வரலாம். தயாராக இல்லாதவருக்கு அந்த வாய்ப்பு வந்தாலும் பயனில்லை.

பெரிய திட்டங்களுக்கு ஐந்தாண்டுத் திட்டம்தான் அடிப்படை. 2025 ஜூலை 31ஆம் தேதி நாடாளுமன்றத்தில் தாக்கலான 13ஆவது மலேசியத் திட்டம் 2026 முதல் 2030 வரைக்குமானது. முதல் ஆண்டில் பட்டியலில் சேரவில்லை என்றால் கதை முடிந்துவிடவில்லை. திட்டங்கள் ஆண்டுதோறும் மறுபரிசீலனைக்கு வருகின்றன. ஆண்டுதோறும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

பணம் வந்த பிறகு

நிதி இரண்டு விதமாக வரும். சாலை, விளக்கு போன்றவற்றை அரசாங்க இலாகாவே குத்தகைக்கு விட்டுச் செய்யும். அதில் பணம் உங்கள் கைக்கு வராது. வேலை சரியாக நடக்கிறதா என்று பார்ப்பது மட்டுமே உங்கள் வேலை. தார் போட்ட மூன்றாம் மாதமே பெயர்ந்தால் படம் எடுத்து உடனே புகார் செய்யுங்கள். குத்தகையாளருக்குப் பழுது பார்க்கும் பொறுப்புக் காலம் உண்டு.

மற்றொரு விதம், அமைப்பின் கணக்குக்கு வரும் மானியம். இதில்தான் கவனம் அதிகம் தேவை. கூரைக்கு வந்த பணத்தை அவசரத்துக்குத் திருவிழாவில் செலவழித்து, "பிறகு போட்டுக்கொள்ளலாம்" என்று நினைப்பது தவறு. நல்ல எண்ணத்தில் செய்தாலும் கணக்கில் அது முறைகேடுதான். 2021இல் மித்ரா நிதி தொடர்பாக ஊழல் தடுப்பு ஆணையம் விசாரணை நடத்தியதை நாம் மறந்திருக்க மாட்டோம். ரசீது, முன்பின் படங்கள், வங்கி அறிக்கை மூன்றையும் ஒரு கோப்பில் வைத்திருக்கும் அமைப்புக்கு அடுத்த முறை கேட்கத் தயக்கம் இருக்காது.

மீண்டும் அந்தத் தோட்டத்துக்கு

கோவில் தலைவரும் இரண்டு இளைஞர்களும் நில அலுவலகத்துக்குப் போனார்கள். வரைபடம் வாங்கிப் பார்த்ததில் ஒரு விஷயம் தெரிந்தது. பெரிய சாலையிலிருந்து முதல் 600 மீட்டர் "ரிசாப் ஜாலான்", அதாவது சாலைக்கென்று ஒதுக்கிய அரசு நிலம். மிச்சம் 400 மீட்டர்தான் நிறுவனத்தின் நிலம். இத்தனை ஆண்டுகளாக முழுப் பாதையும் தனியார் நிலம் என்றே அவர்களும் நம்பிக்கொண்டிருந்தார்கள், பதில் எழுதியவர்களும் நம்பியிருந்தார்கள்.

இப்போது இரண்டு கடிதங்கள் போயிருக்கின்றன. 600 மீட்டரை மாரிஸில் பதிவு செய்யக் கேட்டு ஒன்று, மாவட்ட அலுவலகத்துக்கு. பாதைக்கான பகுதியை மட்டும் ஒப்படைக்கக் கேட்டு இன்னொன்று, தோட்ட நிறுவனத்துக்கு. மாவட்டத்திலிருந்து அதிகாரிகள் ஒருமுறை வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நிறுவனத்திடமிருந்து இன்னும் பதில் இல்லை. சாலை வந்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். இன்னும் வரவில்லை.

ஆனால் 600 மீட்டர் தார் விழுந்தால் ஆம்புலன்ஸ் அந்தத் தூரமாவது உள்ளே வரும். நாற்காலியைத் தூக்க வேண்டிய தூரம் பாதிக்கும் கீழே குறையும். மண்டபத்தில் பாட்டியைப் பார்த்தபோது இதைச் சொன்னேன்.

"மிச்சத்தையும் கேட்டு வாங்கிடுங்க தாயீ. நான் நடந்தே வந்துடுவேன். அந்தப் பசங்களுக்குத்தான் தோள் வலிக்கும்," என்றார்.

உங்கள் குடியிருப்பிலும் இப்படி ஒரு பழைய கோப்பு இருக்கலாம். அடுத்த கடிதத்தை எழுதுவதற்கு முன் அதை எடுத்து ஒருமுறை படியுங்கள். பிறகு நில அலுவலகத்துக்குப் போய், நிலம் யாருடையது என்று கேளுங்கள். மற்றதெல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்துத்தான்.